முப்பத்திரண்டு என்று எழுதிய கை

கோமாங் ரெடனாவுக்குப் பான் கெர்த்தி கொடுக்க வேண்டியிருந்த கடன் பத்தொன்பது லட்சம் ருப்பியா. ஓர் ஆக்சிஜன் சென்சாரின் விலை. கடன் கொடுத்தவன் இடுகாட்டு மண்ணுக்குள் போய்ப் பதினேழு மாதமாகிறது. கடன் அப்படியே நின்றது.

காலை ஆறரைக்கு அவர் கம்ப்ரஸர் கொட்டகையைத் திறந்து, ஆணியில் தொங்கும் மஞ்சள் மீட்டரை எடுத்துக்கொண்டு நேரே கடலோரம் போவார். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி அது. காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எண்ணில் சொல்லும். அலை உருட்டும் கருங்கற்கள்மேல் காலை ஊன்றிக்கொண்டு, முகத்தை மலைப் பக்கம் திருப்பி, கையை நீட்டி அதைக் கடற்காற்றில் பிடிப்பார். முகத்தைத் திருப்புவது சும்மா இல்லை. "என் மூச்சு அதுமேல படக்கூடாது. மனுசன் விட்ட மூச்சுல பதினாறு, பதினேழுதான் இருக்கும். வெறுங்காத்துல இருபது புள்ளி ஒம்பது. பணக்காரன் வீட்டு வாசல்லயும் அதான், என் வீட்டு வாசல்லயும் அதான். சாமி அதுல மட்டும் ஓரவஞ்சனை பண்ணல."

பிறகு திரும்பி மீட்டரைப் பார்ப்பார். பதினாறு புள்ளி ஏழு. பக்கவாட்டில் எண்ணைச் சரிக்கட்டும் சின்னத் திருகை வலப்பக்கம் திருப்புவார். திருகு அசையாது, அது கடைசி வரை திரும்பி முட்டிப் பல மாதமாயிற்று. நகத்தால் கண்ணாடியைத் தட்டுவார். பதினாறு புள்ளி ஏழு. சட்டையில் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, "சரியா இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

பான் கெர்த்தி என்றால் கெர்த்தியின் அப்பா. இந்தப் பக்கம் தலைப்பிள்ளை பிறந்த அன்றோடு தகப்பனின் சொந்தப் பெயர் காணாமல் போய்விடும். வயது அறுபத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. "பெருக்கல் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல எனக்கு என்ன தேவைப்பட்டுச்சு, சொல்லுங்க" என்பார். மலை கக்கிய கருங்கல்லை உடைத்து லாரியில் ஏற்றினார். பிறகு கடலுக்குள் முங்கிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களின் காற்றுச் சிலிண்டர்களைத் தோளில் சுமந்தார். கடனில் முழுகிய ஓட்டல் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது, அதன் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த, சிலிண்டருக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதம் கழித்து அது இரைந்தது. இன்று இரண்டு கம்ப்ரஸர், இருநூற்றுப் பத்து சிலிண்டர், ஓடு வேய்ந்த வீடு, கப்பலில் சமையல்காரனாக இருக்கும் கெர்த்தி. இதில் ஒன்றும் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. "இந்தக் கரையில தண்ணிக்கடியில எவன் மூச்சு விட்டாலும் அது என் காத்து" என்று அவர் சொல்லும்போது மறுத்துப் பேச ஆள் இருந்ததில்லை.

காதிடுக்கில் எப்போதும் ஒரு கிராம்புச் சிகரெட், பற்றவைக்காமல். ஆக்சிஜன் பாட்டில்கள் நிற்கிற இடத்தில் ஒரு பொறி போதும், கொட்டகையே வானத்துக்குப் போய்விடும். சாயங்காலம் கடலோரம் போய்த்தான் பற்றவைப்பார். அதுவரை அது காதிலேயே வாடிக்கொண்டிருக்கும். சிலிண்டர் நிறைவதை அவர் முள்ளைப் பார்த்துச் சொல்வதில்லை; மேலே உள்ளங்கையை வைத்து, சூடு ஏறுவதை வைத்துச் சொல்வார். நிறைந்ததும் தோளில் வெள்ளை டேப் ஒட்டிக் கறுப்புப் பேனாவால் எண் எழுதுவார். ஆழத்தில் நெடுநேரம் இருக்கப் போகிறவர்களுக்குக் காற்றோடு ஆக்சிஜனைக் கூட்டிக் கலந்த சிலிண்டர், அதற்கு முப்பத்திரண்டு. மூன்றுக்கு அவர் வைக்கும் தொந்தியும் இரண்டின் வாலில் போடும் தூண்டில் வளைவும் இந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வளைவைப் பார்த்துவிட்டால் வேறு மீட்டர் தேடமாட்டார்கள்.

ஆக்சிஜன் விஷயம் விளையாட்டில்லை. அளவாக இருந்தால் உடம்பு சோராது. அளவு கூடினாலோ, ஆழத்தில் அதே ஆக்சிஜன் விஷம். வலிப்பு வரும். வாயில் கவ்வியிருக்கும் குழாய் நழுவும். அதற்கப்புறம் உள்ளே போவது கடல்.

கம்ப்ரஸருக்கு மேலே பலகையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதற்குள், மீட்டரிலிருந்து கழற்றிய ஏழு செத்த சென்சார்கள். கட்டைவிரல் பருமனில் சின்னப் பீப்பாய் போல இருக்கும். ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி இரண்டு தேதிகள், பிறந்தது, செத்தது. "உள்ள ஈயம் இருக்கு. ஆக்சிஜன் பட்டா கரையும். கரையறதுதான் அதுக்கு வேலை, அதுதான் சாவும். பொட்டலம் கிழிச்ச நிமிசத்துலேர்ந்து எண்ணிக்கிட்டே போகும். ரெண்டு வருசம், ரெண்டரை வருசம். மூச்சு விட்டு விட்டே சாகுற சாதி. நம்மளைப் போலத்தான்" என்று அந்த நாளில் வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கை காட்டுவார்.

இரும்புக்குப் பூசை போடும் நாள் இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். அன்று ஊரிலுள்ள மோட்டார் சைக்கிளெல்லாம் பூ வைத்துக்கொண்டு நிற்கும். பான் கெர்த்தியின் மனைவி, கெர்த்தியின் அம்மாவான மென் கெர்த்தி, பெரிய கம்ப்ரஸருக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி கட்டி, ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்து ஊதுபத்தி ஏற்றுவாள். ஆக்சிஜன் அறைக்கு மட்டும் பூ உண்டு, ஊதுபத்தி உண்டு, நெருப்பு கிடையாது. பற்றவைக்காத பத்தியைச் சாத்திவிட்டு, "நீங்களே மனசால ஏத்திக்குங்க" என்று சாமியிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

அந்த அறையின் மூலையில் நாற்பத்தேழாம் எண் சிலிண்டர் நிற்கிறது. அதற்கு அவள் தினமும் ஒரு பிடி சோறு வைத்துவந்தாள். கணவன் ஏன் என்று கேட்கவில்லை.

ரெடனா டைவிங் வழிகாட்டி. ஊரில் பான் கெர்த்தியை எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரே ஆள். பேசுவதற்கு முன் மூக்கைப் பிடித்துக் காதை ஒரு தடவை அடைத்துத் திறப்பான். கடலுக்குள் செய்துசெய்து கரையிலும் ஒட்டிக்கொண்ட பழக்கம். இருபது மாதத்துக்கு முன்னால் ஒருநாள் டென்பாசார் டவுனிலிருந்து வந்தவன், வெள்ளிப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"புது சென்சார், பாக். உங்க மீட்டர் கெழடு தட்டிப்போச்சு." பாக் என்றால் ஐயா, பெரியவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"யாருக்குடா கெழடு? காத்துல பிடிச்சா இருபது புள்ளி ஒம்பது காட்டுது. இந்தா, நீயே பாரு."

"திருகைத் திருப்பி வெச்சா காட்டாம என்ன பண்ணும்? காத்துல சரியாக் காட்டும். ஆக்சிஜன் கூடினாத்தான் ஏற முடியாம நொண்டும். சுத்த ஆக்சிஜனை விட்டுப் பாருங்க, நூறு வருதான்னு."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் சிலிண்டர் தூக்கினவன்."

"அதனாலதான் உங்களுக்கு முதுகு போச்சு, பாக். கண்ணும் போயிடப்போவுது. காசு இப்ப வேணாம். பத்தொன்பது லட்சம். வசதியானப்ப குடுங்க. மாட்டிடுங்க, அவ்வளவுதான்."

மாட்டவில்லை. இருப்பது இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று கணக்குப் போட்டார். பிரித்தால் சாகத் தொடங்கிவிடும் பொருளை எதற்கு முன்கூட்டியே பிரிப்பது? பொட்டலம் பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. காற்றில் எண் இறங்கும்போதெல்லாம் திருகைக் கொஞ்சம் திருப்பினார். சுத்த ஆக்சிஜனை ஒருநாளும் விட்டுப் பார்க்கவில்லை. ஒரு மூச்சுக்கு ஆயிரக்கணக்கில் விலை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, நாற்பத்தேழாம் சிலிண்டரைக் கலந்தார். அழுத்த முள் ஆக்சிஜன் போதும் என்றது. மீட்டர் இருபத்தெட்டு என்றது. பத்தொன்பது வருடம் கலந்த உள்ளங்கைக்கு முள்தான் சரி என்று பட்டது. ஆனாலும் ரெடனா குறை சொன்ன மீட்டர் அல்லவா, அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இன்னும் ஆக்சிஜன் விட்டார். மீட்டர் முப்பத்திரண்டு என்றதும் நிறுத்தி, தொந்தியும் தூண்டிலும் போட்டு எழுதினார். அன்று டைவிங் வந்த விருந்தாளி ஒருவரின் கேமரா பாறைச் சரிவில் உருண்டு நாற்பது மீட்டருக்குப் போய்விட்டது. ரெடனா அதை எடுக்கப் போனான். முப்பத்திரண்டுக்கு நாற்பது கடைசி எல்லை, எல்லோரும் போவதுதான். மேலே கொண்டுவந்தபோது கேமராவின் வார் அவன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வாயில் குழாய் இல்லை. உடம்பு வெட்டி இழுத்ததைப் பார்த்ததாக விருந்தாளி சொன்னார். மருத்துவமனையில் இதயம் என்று எழுதினார்கள். சிலிண்டர் யாருடையது என்று பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் இன்னும் அறுபது அளவு அழுத்தம் மிச்சமிருந்தது. ரெடனா மூச்சு விட்டதுபோக மீதி.

அன்றோடு பான் கெர்த்தி ஆக்சிஜன் கலப்பதை நிறுத்தினார். விலை ஏறிவிட்டது என்றார். அவரிடம் காற்று வாங்கிய பதினொரு டைவிங் கடையில் ஏழு கடை வேறிடம் போயிற்று. கஞ்சன் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று இருந்தார். கஞ்சத்தனம் என்றே நினைத்துக்கொண்டு போகட்டும். புது சென்சாரை மாட்டினால் மீட்டர் உண்மை பேசும். மீட்டர் உண்மை பேசினால் மூலையில் நிற்கிற சிலிண்டர் பேசிவிடும். முப்பத்திரண்டு என்று காட்டினால் அவர் தப்பினார். வேறு எண் காட்டினால் ரெடனாவைக் கொன்றது கடல் இல்லை. அதனால் பொட்டலம் டப்பாவிலேயே கிடந்தது, செத்துக்கொண்டிருந்த மீட்டர் ஆணியில் தொங்கியது.

ஆனால் நாற்பத்தேழு மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது. மாதம் ஒருமுறை அதன் முள்ளைப் பார்ப்பார். அதே வரிசையில் நிற்கிற மற்ற சிலிண்டர்கள் வாய்ப்பூட்டு தேய்ந்து மாதத்துக்கு ஐந்து அளவாவது இழக்கும். இது ஒன்றுகூட இழக்கவில்லை. அறுபது. அறுபது. அறுபது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் போல நின்றது. வெயில் ஏறி இரும்பு விரியும்போது எல்லாச் சிலிண்டரும் டிக் என்று ஒரு சத்தம் போடும். இது அந்தச் சத்தமும் போடவில்லை.

மீட்டரோ கடலோரம் பிடித்தாலும் பதினாறு புள்ளி ஏழு, கதவெல்லாம் திறந்துபோட்ட கொட்டகையில் பிடித்தாலும் அதே. கிழட்டு சென்சார் என்று அவருக்குத் தெரியும். மென் கெர்த்திக்கு வேறொன்று தெரியும்.

"பான், பதினாறுன்னா மனுசன் மூச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப யாரு அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு மூச்சு விடறது?"

"உன் வாயைத் தெறந்து வெச்சிருக்கியே, அதுதான்" என்றார். அவள் பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.

ஒரு நாள், உச்சி வெயில். மின்சாரம் போய்க் கம்ப்ரஸர்கள் இரண்டும் வாயடைத்து நின்றன. அலைகூட இல்லை. ரெடனாவின் மனைவி லூ வார்சிகி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அவள் சிலிண்டர் சுமப்பவள். தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, சிலிண்டரைக் கிடத்தி, கைவிட்டு நடப்பாள். இந்தக் கற்களின் மேல் வெறுங்கையோடு நடக்கவே மற்றவர்களுக்குத் தடுமாறும். அன்று துண்டு தோளில் கிடந்தது.

"வா லூ. காபி குடிக்கிறியா?" என்றாள் மென் கெர்த்தி.

"சக்கரை போடுவீங்களா? உங்க வீட்டுல சக்கரையையும் டப்பாவுல பூட்டி வெச்சிருக்கீங்கன்னு கரையெல்லாம் பேச்சு."

"பேசறவளுங்கள வரச்சொல்லு, ஒரு மூட்டையா தலையில கொட்டறேன்."

வார்சிகி சிரித்தாள். உட்காரவில்லை. பான் கெர்த்தியைப் பார்த்தாள். "பாக், நாளன்னைக்கு எலும்பு எடுக்கறாங்க. ஊர்த் தகனத்துல எங்க ப்ளி பேரும் இருக்கு." ப்ளி என்றால் அண்ணன், இங்கே பெண்கள் புருசனையும் அப்படித்தான் சொல்வார்கள். புதைத்தவர்களின் எலும்பைத் தோண்டியெடுத்து ஊரே சேர்ந்து ஒரே நாளில் எரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம்.

"தெரியும். என் பங்கு அரிசி அனுப்பிட்டேன்."

"அதுக்கு முன்னாடி கேட்டுடணும்னு மாமியார் பிடிவாதம். நேத்து மலைமேல குறிகாரி கிட்டப் போனோம். எதாவது பாக்கி இருக்கா, வேண்டுதல் இருக்கான்னு கேக்கணுமே. கேக்காம எரிச்சா அவரு போகமாட்டாரு." துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். "அந்தக் கெழவி மலையை விட்டு எறங்கினதே இல்ல, பாக். கடலை அவ கண்ணால பாத்ததில்ல. அரிசியைக் கையில வாங்கினா. கண்ணு மேல போச்சு. பேசறதுக்கு முன்னாடி மூக்கைப் பிடிச்சுக் காதை அடைச்சுத் தெறந்தா."

மென் கெர்த்தியின் கையில் காபித் தம்ளர் அப்படியே நின்றது.

"என்ன சொன்னா?" என்றார் பான் கெர்த்தி.

"'நான் வாங்கிக் குடுத்த சாமான் பான் கெர்த்தி வீட்டுல பிரிக்காமலே கெடக்கு. அதைப் பிரிக்கச் சொல்லு. பிரிச்சாத்தான் நான் நகருவேன்'னு. அவ்வளவுதான். மகனைப் பத்திக் கேக்கல. என்னைப் பத்திக் கேக்கல." அவள் குரலில் ஒரு சின்னக் கோபம் இருந்தது. "என்ன சாமான், பாக்? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல அவரு."

"ஒரு சென்சார். பத்தொன்பது லட்சம் பாக்கி. இரு, காசை எடுத்துட்டு வரேன்."

"காசு கேக்க வரல. பிரிக்கச் சொல்லியிருக்காரு. பிரிங்க."

பான் கெர்த்தி பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வெள்ளிப் பொட்டலத்தின் மேல் ரெடனா பேனாவால் எழுதிய விலை இன்னும் அழியவில்லை. மேசைமேல் துணி விரித்து மீட்டரைக் கவிழ்த்தார். பின்பக்கம் நாலு சின்ன ஸ்க்ரூ. மூன்றாவது ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. வார்சிகி எடுத்துக் கொடுத்தாள். உள்ளே சென்சாரின் வாலில் செருகியிருந்த கம்பியைப் பிடுங்கினார். மீட்டரின் எண் மினுக்கிவிட்டு சைபருக்குப் போயிற்று. பழையதை மெதுவாக மறை கழற்றி எடுத்தார். கனமே இல்லை. ரப்பர் வளையத்தைத் துடைத்தார்.

பழையதன் டேப்பில் பிறந்த தேதி மட்டும் இருந்தது. பேனாவை எடுத்தார். செத்த தேதி எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. இன்றைய தேதியை எழுதவில்லை. பதினேழு மாதத்துக்கு முந்திய தேதியை எழுதினார். சிரட்டையில் எட்டாவதாகப் போட்டார். அது எந்த நாள் என்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

பொட்டலத்தைக் கிழித்தார். உஸ் என்று ஒரு சின்னச் சத்தம். பொட்டலம் மூச்சு வாங்கியதுபோல. புதியதைத் திருகி, கம்பியைச் செருகினார். திருகு இன்னும் கடைசியில் நின்றதால் எண் தாறுமாறாக ஐம்பதுக்கு ஓடியது. திருகை நடுவுக்குக் கொண்டுவந்தார். மூவரும் கடலோரம் போனார்கள். புது சென்சாருக்குக் காற்று பழகக் கால் மணி நேரம் வேண்டும். வார்சிகி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எதற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவர் திருப்புவதைப் பார்த்துத் திருப்பினாள். எண் மெல்ல ஆடி, நின்றது. இருபது புள்ளி ஒன்பது.

பிறகு கொட்டகைக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுத்த ஆக்சிஜனை அதன்மேல் விட்டுப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது. ரெடனா சொன்ன சோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு தம்ளர் காபி விலைகூட ஆகியிருக்காது.

"ஆச்சு. பிரிச்சாச்சு, மாட்டியாச்சு" என்றார்.

"சரி, பாக்" என்றாள் வார்சிகி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இன்னும் நாலடி வைத்திருந்தால் தெருவுக்குப் போயிருப்பாள். நாளை மறுநாள் எலும்பு எரியும், சாம்பல் கடலுக்குப் போகும். பான் கெர்த்தி என்ற பெயர் பத்தொன்பது வருடப் பெருமையோடு அப்படியே இருக்கும்.

மூலையில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மென் கெர்த்தி கணவனைப் பார்த்தாள். அவர் காதிலிருந்த சிகரெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "லூ, நில்லு" என்றார். ஆக்சிஜன் அறைக்குள் போய், சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தி, நாற்பத்தேழை அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். தோளில் வெள்ளை டேப். மூன்றின் தொந்தி, இரண்டின் தூண்டில்.

"இது அன்னைக்குள்ளது" என்றார்.

வார்சிகி அதைத் தொடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் தலையில் சுமந்தவள், இதிலிருந்து ஓரடி பின்னால் போனாள்.

மீட்டரைச் சிலிண்டர் வாய்க்கு நேரே வைத்து, பூட்டை ஒரு நூலளவு திறந்தார். பதினேழு மாதம் பிடித்திருந்த மூச்சு குளிர்ச்சியாக அவர் புறங்கையில் பட்டது. இருபத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் எண் ஒரு கணம் தயங்கியது. அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முப்பத்து நாலு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. அங்கே நின்றது. பூட்டை மூடித் திறந்தார். முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டுக்கு எவ்வளவு ஆழம் போகலாம், பாக்?"

"முப்பது மீட்டர். மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு."

"ப்ளி நாப்பதுல இருந்தாரு."

"ஆமா."

"டேப்புல முப்பத்திரண்டுன்னு இருக்கு."

"நான் எழுதினது. மீட்டர் செத்துப்போச்சுன்னு அவன் எனக்குச் சொன்னான். நான் கேக்கல."

வெளியே ஒரு நாய் எதையோ பார்த்து உறுமிவிட்டு அடங்கியது. பான் கெர்த்தி பழைய டேப்பை நகத்தால் பிடித்து உரித்தார். பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது. அதையும் சுரண்டி எடுத்தார். புது டேப் ஒட்டினார். முப்பத்தெட்டு என்று எழுதினார். அதே தேதி போட்டார். கீழே, ஒருநாளும் வழக்கமில்லாதபடி, யாரும் கூப்பிடாத தன் சொந்தப் பெயரை முழுதாக எழுதினார். மூன்றாம் வகுப்பு எழுத்து; ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றது.

"தெறந்துவிடுங்க, பாக்" என்றாள் வார்சிகி. "முழுசா. அவரு இதுக்குள்ள இருந்தது போதும்."

சிலிண்டரைக் கடலோரத்துக்கு அவளே தலையில் சுமந்து வந்தாள். கற்களின் மேல் நிறுத்திப் பூட்டைத் திறந்தார். பெருமூச்சாகத் தொடங்கியது, சீழ்க்கையாகி, மெலிந்து, மனிதன் தூங்கும்போது விடும் மூச்சுபோல ஆகி, நின்றது. பூட்டின்மேல் பனி பூத்திருந்தது. அவர் கையிலிருந்த மீட்டர் முப்பத்தெட்டிலிருந்து இறங்கி இருபது புள்ளி ஒன்பதுக்கு வந்து நின்றது. முதல் அலை அப்போதுதான் கல்லை உருட்டியது.

வீட்டுக்குள் போய்ப் பணத்தோடு வந்தார். சிவப்பு நோட்டு, நூறாயிரம், பத்தொன்பது. வார்சிகி வலது கையை நீட்டினாள். சிலிண்டர் பூட்டுகளைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. அவர் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

எண்ணி முடித்துத் தன் கையை எடுத்துக்கொண்டார். வார்சிகியின் கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் மூடவில்லை, எண்ணி வைக்காத பாக்கி இன்னும் இருப்பதுபோல.